சுவருக்கு அப்பால் சொன்ன எண்

மூடி விழுந்திருக்கும்போது ஒளிப்புள்ளி நகரக் கூடாது. சுடருக்கு முன்னால் தகரமூடி நிற்கிறது, கருவிக்கு எந்தச் சூடும் போய்ச் சேர வழியில்லை, ஆகவே புள்ளி பூஜ்யத்தில் கிடக்க வேண்டும். இத்தனை நாளும் அப்படித்தான் கிடந்தது. அன்று முற்பகல் அது நகர்ந்தது. ஒரு நூலிழை. இடப்பக்கமாக.

மீனாம்பாள் கண்களைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவளைச் சுற்றிலும் இருட்டு, பகலை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே செய்துவைத்த இருட்டு. சன்னல்களின் மேல் எருமைத்தோல்களை இரண்டடுக்காக ஆணியடித்திருந்தார்கள். வெளியே ஆம்பூரின் கத்திரி வெயில் பாலாற்று மணலை வறுத்துக்கொண்டிருக்க, உள்ளே அந்தத் தோல்கள் சூடேறி, உயிரோடிருந்தபோது விட்ட வியர்வையை மறுபடி விடுவதுபோல ஒரு வாடையை மெல்லக் கசியவிட்டன. ஆவாரம்பட்டையின் துவர்ப்பு, சுண்ணாம்பின் காரம், மூலையில் என்றோ குவித்திருந்த உப்பின் ஈரம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், தரைக்குள்ளிருந்து வருவதுபோல, கெட்டுப்போன முட்டையின் வாடை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மர அளவுகோல். அதன்மேல் ஒரு கொள்ளு மணி அளவு வெளிச்சம். தகரப் பெட்டிக்குள் அடைத்த மண்ணெண்ணெய் விளக்கிலிருந்து கிளம்பும் ஒரு கீற்று, கால்வனோமீட்டருக்குள் மெல்லிய இழையில் தொங்கும் நகத்தளவு கண்ணாடியில் பட்டு, அங்கே வந்து விழுகிறது. அந்த அறையில் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

"ஏங்க, மூடி போட்டிருக்கீங்களா?"

சுவரில், பக்கத்து அறைச் சுடரின் வெப்பம் கருவிக்கு வந்து சேர, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து ராமமூர்த்தியின் குரல் வந்தது. "போட்டுத்தான் இருக்கு. ஏன்?"

"புள்ளி எடதுபக்கம் போயிருக்கு."

"நீ எதையாவது தட்டியிருப்ப."

"நான் மூச்சுகூட விடாம ஒக்காந்திருக்கேன்."

"அப்ப நான்தான் குறுக்க போயிருப்பேன்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "இந்த வெயில்ல அறை நம்ம உடம்பவிட சூடு. நான் ஓட்டைக்கு எதிர்ல போனா கருவி என்னைப் பார்த்து குளிர்னு நெனைச்சுக்கும். உன் புருஷன் அவ்ளோ குளிர்ச்சியான ஆளு."

அவளும் சிரித்தாள். புள்ளி பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது. வலப்பக்கம் போனால் சூடு, இடப்பக்கம் போனால் குளிர். அவ்வளவுதான் விஷயம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் காலடி ஓசை எதுவும் கேட்கவில்லையே என்ற நினைப்பு, முருங்கைச் சக்கை போல, மென்ற பிறகும் நாக்கில் தங்கிவிட்டது.

ராமமூர்த்தி வேலூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன். நெருப்பின் மேல் அவனுக்குப் பைத்தியம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் நெருப்பின் சிறு பகுதிதான், சிவப்புக்கும் அப்பால் கண்ணுக்குத் தட்டுப்படாத வெப்ப ஒளியாகத்தான் அது பெரும்பாலும் எரிகிறது என்பான். அந்த ஒளியைக் கண்ணாடி விழுங்கிவிடும். இந்துப்புக் கட்டியைப் பட்டகமாகச் செதுக்கி அதன் வழியே விட்டால்தான் அது பிரிந்து வரும். எந்த வாயு எரிகிறதோ அந்த வாயுவுக்கென்று ஓரிடத்தில் வெப்பம் குவியும். அந்த இடத்தில் வைத்த கருவி சூட்டை உணர, இங்கே புள்ளி நகரும். அவன் எரிப்பது கார்பன் மோனாக்சைடு. தோல் பதனிடுகிறவர்கள் பயன்படுத்தும் பார்மிக் அமிலத்தைச் சூடான கந்தக அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் அந்த வாயு கிளம்பும். துளி ஈரமும் இல்லாமல் அதை எரித்தால் சுடரின் வெப்ப ஒளி எப்படி மாறுகிறது என்பதுதான் அவன் கேள்வி. மழைக்காலம் வந்தால் இந்துப்புப் பட்டகம் ஈரம் பிடித்து மங்கிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

நச்சு வாயுவைக் கல்லூரிக்குள் வைத்து விளையாட நிர்வாகம் இடம் கொடுக்கவில்லை. லண்டனில் தோல் விலை விழுந்ததும் கதவடைத்த தன் பழைய தொழிற்சாலையை ஆம்பூர் முனீர் அகமது சாயபு வாடகை இல்லாமல் விட்டுக் கொடுத்தார். ஜோலார்பேட்டை ரயில்வே குமாஸ்தாவின் மகளான மீனாம்பாள் பத்தாவது வரை படித்தவள். அளவுகோல் வாசிக்க வேறு ஆள் எதற்கு என்று அவளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. நிறம் கிடையாது. தூக்கம் வருவதுபோல வரும், கன்னம் சிவக்கும், முடிந்துவிடும். முதல் நாளே அவன் அதைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு வழக்கம். அவன் மூடியைத் தூக்கி "தொறந்தாச்சு" என்பான். அவள் எண்ணைச் சொல்வாள். அவன் அதைத் திருப்பிச் சொல்லி, கடைசியில் "சரி" என்பான். "எண்ணு தப்பாப் போயிடும்னு இல்ல மீனா. நான் திருப்பிச் சொன்னா நான் இருக்கேன்னு அர்த்தம். சொல்லலைன்னா ஓடிவந்து கதவத் தொற." ஒவ்வொரு முறையும் அந்தச் "சரி" காதில் விழுந்த பிறகுதான் அவள் நெஞ்சு அடுத்த அடி எடுத்துவைக்கும்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவன் சுடருக்கு அருகே குனிந்தால் அவன் விடும் மூச்சு ஓட்டைக்கு நேராக விழும். மூச்சுக் காற்று சுடரின் வெப்ப ஒளியில் கொஞ்சத்தைத் தடுத்துவிட, புள்ளி மெல்லச் சரிந்து மெல்ல எழும். வேலைக்கு அது இடைஞ்சல். "தள்ளி நில்லுங்க" என்று அவள் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உடனே சொல்ல மாட்டாள். இருட்டில் உட்கார்ந்து, தன் புருஷன் மூச்சு விடுவதை ஒரு சொட்டு வெளிச்சமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்கும் இப்படி ஒன்று கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொள்வாள்.

மீனாம்பாள் சாப்பாட்டுக்காக வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. முற்றத்துப் புங்கமரத்தடியில் பூவம்மாள் தண்ணீர்க் குடங்களை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை ஓடிய நாளிலிருந்து அங்கே பெருக்குகிறவள். கதவடைத்த பிறகும் சாயபு அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

"உள்ளேர்ந்து ரெண்டு தரம் கூப்ட்டேன் பூவம்மா. காதுல விழலையா?"

"வுழுந்துச்சு."

"அப்புறம்?"

"உள்ளேர்ந்து ஆயிரம் வாட்டி கூப்டு, நான் வரமாட்டேன். வெளில வந்து மூஞ்சியக் காட்டிக் கூப்டு, வரேன்."

"இன்னா பூவம்மா, மகாராணி மாதிரி பேசறே" என்றபடி ராமமூர்த்தி கைகழுவ வந்தான்.

"மகாராணியோ இன்னாவோ, உசுரோட கீறேன் இல்ல?" அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தாள். "நீ நெருப்பு வெக்கற ரூம்பு இருக்குதே அய்யா, அதுக்குக் கீழதான் தோலு ஊறப்போட்ட பழைய ஊறல் குழி. இப்ப மண்ணு கொட்டி மூடிட்டாங்க. அப்ப சேறு வாரணும்னு மொதல்ல கோவிந்தசாமி எறங்குனான். இன்னாடா எப்டிடா கீதுன்னு மேலேர்ந்து கேட்டாங்க. ஒண்ணும் இல்லடா, நல்லா கீறேன், நீயும் எறங்குன்னான். இன்னொருத்தன் எறங்குனான். அவனும் நல்லா கீறேன்னான். அதுக்கப்புறம் எங்க ஊட்டுக்காரரு தானியேலு எறங்குனாரு."

அவள் சொன்ன விதம், சந்தையில் கத்திரிக்காய் விலை சொல்வது போல இருந்தது. மீனாம்பாள் கையில் சோற்றுத் தூக்கு அப்படியே நின்றது.

"மூணு பொணத்தயும் தூக்கி வெளில போட்டாங்க. டாக்டரு வந்து பாத்தாரு. குழில கால் வெச்ச நிமிசமே மொத ஆளு உசுரு பூட்ச்சுன்னாரு. அப்ப நல்லா கீறேன்னு சொன்னது ஆரு?"

"கந்தக வாயு அது" என்றான் ராமமூர்த்தி. "அழுகின சேத்துல கெளம்பும். மேல நின்னவங்களுக்கும் மூளை கொழம்பியிருக்கும். இல்லாத குரல் கேக்கும்."

"அப்டியே வெச்சுக்கோ. நீ இங்கிலீசு படிச்சவன், உனுக்கு இன்னா பயம்?" பூவம்மாள் மீனாம்பாளைப் பார்த்துக் கண்ணடித்தாள். "அதுக்கு இங்கிலீசு தெரியாதும்மா. அய்யாவ இங்கிலீசுலயே பேசச் சொல்லு."

ராமமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தான். புங்க இலை ஒன்று அசையவில்லை. தூரத்தில் பள்ளிவாசலில் லுஹர் என்னும் நடுப்பகல் தொழுகைக்கு அழைத்து ஓய்ந்தார்கள். காட்பாடிப் பக்கம் போகும் சரக்கு வண்டி ஒன்று நெடுநேரம் ஊதிக்கொண்டே போயிற்று. அந்த ஓசை தேய்ந்த பிறகு ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது போன்ற ஒரு வெறுமை கவிந்தது. உச்சிப் பொழுது.

"இன்னிக்கு இதோட போதுமே" என்றாள் மீனாம்பாள். "எனக்கு காலைலேர்ந்து தலைவலி."

"வெயில் தலைவலி. கொஞ்சம் தண்ணி குடி." அவன் அவள் நெற்றியில் ஈரக் கையை வைத்தான். "வாயு இன்னிக்குத்தான் நல்லாக் காஞ்சு வருது மீனா. இன்னிக்கு விட்டா இதே மாதிரி மறுபடி அமையாது. ஒரே ஒரு வரிசை. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஆத்துப்பக்கம் நடந்துட்டு வரலாம்."

அவள் தலையாட்டினாள். அந்தக் கை நெற்றியில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

வெளிக்காற்றில் சுடர் ஆடக்கூடாதென்று அவன் தன் அறைக் கதவைச் சாத்தி, உட்புறம் ஒரு தோலையும் இழுத்துவிட்டான். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சிறிய நடை. நடையைத் தாண்டினால் முற்றம். மீனாம்பாள் தன் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவுமே தெரியவில்லை. பிறகு இருட்டுக்குள்ளிருந்து புள்ளி மட்டும் மேலே எழும்பி வந்தது, கிணற்றுக்குள் தெரியும் தொலைதூர வானம்போல. அறை காலையைவிடச் சூடாக இருந்தது. காதுக்குள் ஒரு வண்டு ரீங்கரித்தது. ஓட்டை வழியாக வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மணமில்லை.

"தொறந்தாச்சு."

புள்ளி வலப்பக்கம் ஓடி நின்றது. "நாப்பத்திரெண்டு."

"நாப்பத்திரெண்டு. சரி."

மூடி விழும் ஓசை. புள்ளி பூஜ்யத்துக்குத் திரும்பியது. பட்டகத்தைச் சற்றே திருப்பும் திருகின் கிறீச்சொலி. மறுபடியும் "தொறந்தாச்சு." அவள் சொன்னாள். அவன் சொன்னான். சரி. புள்ளி இலேசாகச் சரிந்து எழுந்தது. அவன் குனிந்திருக்கிறான். சரிந்து, எழுந்து. சரிந்து, எழுந்து. அவள் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தலைவலி இரண்டு நெற்றிப்பொட்டிலும் உளியாக இறங்கிக்கொண்டிருந்தது, இருந்தாலும் அந்தப் புள்ளியின் மூச்சைப் பார்க்கப் பார்க்க மனம் தணிந்தது. இந்த வரிசை முடிந்தால் ஆற்றங்கரை. சுடுமணல் ஆறியிருக்கும். அவன் கை.

புள்ளி சரிந்தது. எழ நேரம் எடுத்துக்கொண்டது. மறுபடி சரிவதற்கு இன்னும் அதிக நேரம். பிறகு சரியவே இல்லை. அளவுகோலில் ஆணியடித்தது போல நின்றது.

"ஏங்க, தள்ளிப் போயிட்டீங்களா?"

"தள்ளித்தான் நிக்கிறேன்."

அவன் குரல்தான். அவள் பெருமூச்சு விட்டாள். அடுத்த எண்ணைச் சொன்னாள், அது திரும்பி வந்தது, அதற்கடுத்ததும் திரும்பி வந்தது. மூடியின் ஓசை, குரல், எண், எண். ஏதோ ஒன்று குறைந்தது. சோற்றில் உப்பு குறைந்தாற்போல, எது என்று சட்டென்று பிடிபடாத குறை. இன்னும் இரண்டு எண்கள் போன பிறகுதான் தெரிந்தது. அவன் "சரி" சொல்லவில்லை.

களைப்பாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. ஓட்டைக்கு நேராக வாய் வைத்து அவன் பேசும்போதெல்லாம் புள்ளி நடுங்கும். பேச்சென்றால் மூச்சு. மூச்சென்றால் நடுக்கம். இந்த அறைக்கு வந்த முதல் நாளிலிருந்து அப்படித்தான். இப்போது குரல் ஓட்டைக்கு மிக அருகில், வாயை வைத்தே பேசுவது போல, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வருகிறது.

புள்ளி நடுங்கவில்லை.

"உடம்பு நல்லா இருக்குதாங்க?"

"ஒண்ணும் இல்ல மீனா. நல்லா இருக்கேன்."

நடுங்கவில்லை.

அவள் முதுகில் வியர்வை இறங்குவது நின்றுபோயிற்று. பயப்படாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பூவம்மாளின் பேச்சைக் கேட்டு வந்த பயம். ஓட்டைக்குப் பக்கவாட்டில் நின்று பேசுகிறான், அதனால் மூச்சு குறுக்கே விழவில்லை. இருக்கலாம். அப்படியும் இருக்கலாம்.

"தொறந்தாச்சு."

"முப்பத்தி..."

"முப்பத்தேழு" என்றது குரல், அவள் முடிப்பதற்குள்.

முப்பத்தேழுதான். அவள் அளவுகோலை வெறித்தாள். போன வரிசையின் எண்களை வைத்து ஊகித்திருப்பான். கெட்டிக்காரன். மூடி விழுந்தது. திருகின் கிறீச்சொலி கேட்கவில்லை. மூடி திறந்தது.

"முப்பத்தொண்ணு" என்றது குரல்.

அவள் வாயே திறக்கவில்லை.

புள்ளி முப்பத்தொன்றில் நின்றது.

அவள் குரல் நடுங்காமல், வேண்டுமென்றே ஒரு பொய்யைச் சொன்னாள். "அம்பது."

தோல்கள் வெயிலில் இழுபட்டு எங்கோ ஓர் ஆணி முனகியது.

"முப்பத்தொண்ணு மீனா" என்றான் ராமமூர்த்தி, அன்பாக. "நல்லாப் பாரு."

அளவுகோல் இருப்பது அவள் அறையில். புள்ளி விழுவது அவள் பக்கத்தில். சுவருக்கு அப்பால் இருப்பவனுக்கு அது தெரிய வழியே இல்லை. அதைப் படிக்க வேண்டுமானால் இங்கே இருக்க வேண்டும். இந்த இருட்டில். இந்த முக்காலிக்குப் பின்னால். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழுவது தெரிந்தது. அத்தனை சூட்டிலும் கழுத்தின் பின்புறத்தில் மட்டும் ஒரு குளிர், உப்புப் போட்டு ஊறவைத்த பச்சைத்தோலை யாரோ அங்கே தொட்டும் தொடாமலும் பிடித்திருப்பதுபோல.

"மூடியாச்சு" என்றது குரல்.

மூடி விழுந்தது. புள்ளி பூஜ்யத்துக்கு வந்தது. நிற்கவில்லை. பூஜ்யத்தைத் தாண்டியது. இடப்பக்கம். ஒரு நூலிழை, ஒரு விரற்கடை, ஒரு சாண். அவசரப்படாமல், அளவுகோலின் மரத்தில் ஊர்ந்து ஊர்ந்து போய், கடைசிக் கோட்டையும் கடந்து, விளிம்பிலிருந்து விழுந்து மறைந்தது.

அறையில் இப்போது வெளிச்சமே இல்லை.

"பூவம்மா!"

அவள் கத்தியது அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "பூவம்மா! ஓடியா! பூவம்மா!"

முற்றத்தில் குடம் ஒன்று நகரும் ஓசை. பிறகு எதுவுமில்லை. பூவம்மாள் கேட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே போய் முகத்தைக் காட்ட வேண்டும். நடை, முற்றம், வெயில், பிறகு அந்தக் கிழவியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்குள்? புள்ளி எப்போது சரியாமல் நின்றது? எத்தனை எண்களுக்கு முன்னால்? அவ்வளவு நேரமும் அவன் தரையில் கிடந்தானா? அவள் இங்கே உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பெண்போல, ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்தாளா? இன்னும் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு கதவு. ஒரே ஒரு கதவைத் திறந்து காற்று விட்டால் போதும்.

"மீனா" என்றது குரல். "வா."

அது அவனாக இருந்தால்? கடைசி மூச்சில் அவன் கூப்பிடுவதாக இருந்தால்?

அவள் எழுந்தாள்.

எழுந்ததும் தலைவலி போய்விட்டது. காதுக்குள் இருந்த வண்டும் நின்றுவிட்டது. உடம்பு இலேசாக இருந்தது, காய்ச்சல் விட்ட மறுநாள் காலைபோல. நடையைக் கடந்தாள். அவன் அறைக் கதவு. அதற்குப் பின்னால் தொங்கும் கனத்த தோல். அதை விலக்கிய நினைவு அவளுக்கு இல்லை, ஆனால் உள்ளே வந்துவிட்டாள்.

மேசைமேல் நீலச் சுடர் எரிந்துகொண்டிருந்தது. அதன் ஒளியில் அறை முழுக்க ஆற்றின் அடித்தரைபோல நீலமாகத் தெரிந்தது. குடுவைகள். வாயுத் தொட்டி. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ராமமூர்த்தி ஒருக்களித்துக் கிடந்தான். கன்னங்கள் சிவந்திருந்தன. இவ்வளவு அழகாக அவனை அவள் பார்த்ததில்லை. உதடு அரைகுறையாகத் திறந்து, ஏதோ சொல்ல வந்து மறந்துபோனவனைப்போல.

"ஏங்க."

குனிந்து தோளைப் பிடித்தாள். இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். அவன் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை.

மூடியைப் பார்த்தாள். தகரமூடி சுடருக்கு முன்னால் விழுந்திருந்தது. அதன் கயிற்றுக்குப் பக்கத்தில் யாருமில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு விறைத்தது. மூடி மெல்ல மேலே போயிற்று.

"தொறந்தாச்சு" என்றது ராமமூர்த்தியின் குரல். தரையில் கிடந்தவனின் உதடு அசையவில்லை.

சுவரில் ஓட்டை. அதற்கு அப்பால் அவள் விட்டுவந்த இருட்டு. காலியான முக்காலி.

அந்த இருட்டிலிருந்து ஒரு பெண்குரல், நிதானமாக, பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னது.

"நாப்பத்தாறு."

அது மீனாம்பாளின் குரல்.

"நாப்பத்தாறு" என்றது அவன் குரல். "சரி."

அவள் ஓட்டையை நோக்கிப் பாய்ந்தாள். நடுவே சுடர். சுடருக்கு இந்தப் பக்கம் நின்று, மேசையைப் பற்றிக்கொண்டு, முகத்தை அதன் அருகே கொண்டுபோய், நெஞ்சு கிழியக் கத்தினாள். பூவம்மாவின் பெயரை. அவன் பெயரை, ஒருநாளும் வாயால் சொல்லியிராத அந்தப் பெயரை. தன் பெயரை.

"நாப்பத்தஞ்சு."

"நாப்பத்தஞ்சு. சரி."

மறுபடி கத்தினாள். உதட்டுக்கும் சுடருக்கும் ஒரு விரல் இடைவெளி. வாய் முழுதாகத் திறந்திருந்தது.

நீலச் சுடர் நேராக நின்று எரிந்தது. நுனிகூட ஆடவில்லை.